அழுக்கு, கறுப்பு, தேய்மானம்: வீட்டில் நகை கழுவும் முன்

பெங்களூரில், அல்சூரில் குடியிருந்தவரை, மாமியார் கொடுத்த ஏழுகல் வைரத்தோட்டை வருடத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால்தான் கழுவுவேன். அதுவே போதுமானதாக இருந்தது. சர்ஜாபூர் சாலைப் பக்கம் அடுக்குமாடிக்கு மாறி ஆறு மாதம் ஆனபோது, அதே தோடு கண்ணாடிக் கல் மாதிரி மங்கிப் போய்விட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஒரு நாள் பளபளத்தது, மறுவாரம் பழைய கதை. ஒரு பெரிய கடையில் காட்டினால், "கல் பழசாயிடுச்சு மேடம், எக்ஸ்சேஞ்ச்ல புதுசா எடுத்துக்கோங்க" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. நகரத்பேட்டையில் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டு நகைகளைப் பார்க்கிற ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். கல்லின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோட்டைத் திருப்பி முதுகைப் பார்த்தார்.

"கல்லுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. புது வீட்டுல போர் தண்ணியா?"

அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு நகைப் பராமரிப்பே புரிய ஆரம்பித்தது. அதுவரை நகை மங்கினால் ஒரே வைத்தியம், தேய்ப்பது. மங்குவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் மருந்து வேறு என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. புதிதாகக் கல்யாணமாகி, அம்மா வீட்டுச் சீரோடு இந்த ஊருக்கு வந்து குடித்தனம் தொடங்கும் பெண்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது அழுக்கு. நகையின் மேல் வந்து உட்கார்ந்திருப்பது. எண்ணெய், பவுடர், மஞ்சள், குங்குமம், சோப்புப் பிசுக்கு, உப்புப் படிவு எல்லாம் இதில் சேர்த்தி. இது கழுவினால் போகும்.

இரண்டாவது கறுப்பு. உலோகத்தின் மேல்தோலே வேறொரு பொருளாக மாறிவிட்டது. வெள்ளிக் கொலுசு கறுப்பது இந்த வகை. சோப்பு இதை ஒன்றும் செய்யாது.

மூன்றாவது தேய்மானம். உலோகம் போயே போய்விட்டது. கீறல், மழுங்கிய வேலைப்பாடு, நூலாகிப் போன சங்கிலிக் கண்ணி எல்லாம் இதுதான். இதை எதைக்கொண்டு கழுவினாலும் திரும்பாது.

வீட்டில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒன்றை இன்னொன்றாக நினைத்து வைத்தியம் பார்ப்பதால் வருபவை. வெறும் அழுக்கைப் பற்பசை போட்டுத் தேய்த்து, இல்லாத தேய்மானத்தை உண்டாக்கிவிடுகிறோம்.

தங்கத்துக்கு என்னதான் ஆகும்?

என் அம்மாவின் ஊர் கோலார் தங்க வயல். பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியபின் அங்கிருந்து வேலைக்காகத் தினமும் ரயிலேறி இந்த ஊருக்கு வந்துபோகும் தமிழர்கள் இன்னும் நிறைய. அந்த ஊரில் சின்ன வயதில் நாங்கள் 'சயனைடு மேடு' என்று ஒன்றைப் பார்த்து வளர்ந்தோம். மலை மாதிரி குவிந்து கிடக்கும் சாம்பல் நிற மண். பாறையைப் பொடியாக்கி, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் மிச்சமாகும் மண் அது. 1887-இல் காப்புரிமை பெற்ற முறை.

எதற்கு அவ்வளவு கொடிய விஷம்? தங்கம் அவ்வளவு லேசில் எதோடும் சேராது, எதிலும் கரையாது. காற்றும் தண்ணீரும் வியர்வையும் சோப்பும் எலுமிச்சையும் அதைத் தொடாது. கோடிக்கணக்கான வருடம் பாறைக்குள் கிடந்தும் தங்கமாகவே இருந்ததால்தான் நம் தாத்தாக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு இறங்கிப் போய் அதை வெட்டி எடுத்தார்கள். ஆகவே சுத்தத் தங்கம் கறுக்காது. தங்கம் மங்கியிருக்கிறது என்றால், அதன் மேல் ஏதோ உட்கார்ந்திருக்கிறது.

நாம் போட்டுக்கொள்வது சுத்தத் தங்கம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். 22 காரட் நகையில் 91.6 சதவீதம்தான் தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் மாதிரியான உலோகங்கள். வைரம் பதிக்கிற நகைகள் பெரும்பாலும் 18 காரட், அதில் தங்கம் 75 சதவீதம். நாள்பட்ட வியர்வையில் லேசாகச் சிவந்தோ கறுத்தோ போவது இந்தக் கலப்பு உலோகங்களால்தான். காரட் குறையக் குறைய இது கூடும். உங்கள் நகை எந்த வகை என்று சந்தேகம் வந்தால் உள்பக்கத்தில் முத்திரையைப் பாருங்கள். முக்கோண பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறி, 22K916 அல்லது 18K750 என்று தூய்மை, பிறகு எச்.யு.ஐ.டி. எண், அதாவது அந்த நகைக்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வந்துவிடும். பாட்டி நகைகளில் இதெல்லாம் இருக்காது. அவற்றை ஆசாரி உரைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வைரமும் எண்ணெயும்

என் தோட்டுக்கு வருகிறேன். வைரத்துக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் அதன்மேல் ஒட்டாது, எண்ணெய்ப் பசை விடாமல் ஒட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கங்களில் இந்தக் குணத்தை வைத்தே வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள். சாய்ந்த மேசையில் கெட்டியாக கிரீஸ் தடவி, உடைத்த கல்லைத் தண்ணீரோடு அதன்மேல் ஓட விடுவார்கள். மற்ற கற்கள் எல்லாம் தண்ணீரோடு ஓடிவிடும். வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டி நின்றுவிடும்.

நம் காதுமடலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? தேங்காய் எண்ணெய் வைத்த தலைமுடி. முகத்துக்குப் போட்ட கிரீம். அந்த கிரீஸ் மேசையை நாம் தினமும் காதிலேயே வைத்திருக்கிறோம். தோடு மற்ற நகைகளைவிடச் சீக்கிரம் மங்குவதற்கு இதுதான் காரணம்.

மங்குவது கல்லின் முகத்தில் இல்லை, முதுகில். வைரத்துக்குள் நுழையும் வெளிச்சம் அடிப்பக்கப் பட்டைகளில் கண்ணாடியில் படுவதுபோல் பட்டுத் திரும்பி மேலே வருவதைத்தான் நாம் ஜொலிப்பு என்கிறோம். அடிப்பட்டையில் எண்ணெய்ப் படலம் ஒட்டினால், திரும்ப வேண்டிய வெளிச்சம் அந்த வழியாக ஒழுகிப் போய்விடும். முகத்தை எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. ஆசாரி தோட்டைத் திருப்பிப் பார்த்தது அதனால்தான்.

சரி, போர் தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அல்சூர் வீட்டில் காவிரித் தண்ணீர். புது வீட்டில் டேங்கரும் ஆழ்குழாய்க் கிணறும். இந்த ஊரில் பல இடங்களில் ஆயிரம் அடிக்கும் கீழே பாறைக்குள் போய்த் தண்ணீர் எடுக்கிறார்கள். பாறையிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் கரைந்து வரும் அந்தக் கடின நீரில் சோப்பு நுரைக்காது. காரணம், சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறிவிடுகிறது. குளியலறைக் குழாயில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதன் சொந்தக்காரன் இது. நான் தோட்டோடு தினமும் குளித்தேன். காதுக்குப் பின்னால் எண்ணெய், அதன்மேல் சோப்புப் பிசுக்கு, அதன்மேல் உப்பு. போதாக்குறைக்கு, அதைக் கழுவுவதாக நினைத்து அதே தண்ணீரில் அதே சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். கழுவக் கழுவப் படிவு ஏறியது.

அதனால் இந்த ஊரில் நகை கழுவ விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இரண்டு விஷயம். சோப்புக் கட்டி வேண்டாம், பாத்திரம் கழுவும் திரவமோ குழந்தைகள் ஷாம்புவோ இரண்டு சொட்டுப் போதும். அவை கடின நீரிலும் அப்படிப் பிசுக்காக மாறாது. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர்.

கழுவும் முறை

கல் இல்லாத தங்கம், திறந்த முதுகு வைத்த (கல்லின் பின்பக்கம் மூடாத) வைரம் இரண்டுக்கும் இது பொருந்தும். ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில், கை பொறுக்கிற வெதுவெதுப்பில் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து, அதில் இரண்டு சொட்டு திரவத்தைக் கலந்து நகையைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். இருபது நிமிஷம் ஊறட்டும். அழுக்கை இளக்குவது ஊறுவதுதான், நம் கைபலம் இல்லை. பிறகு குழந்தைகளுக்கான மிக மிருதுவான பிரஷ்ஷால் முதுகுப்பக்கமாக, கல்லுக்கும் தங்கத்துக்கும் நடுவில் இருக்கும் இண்டு இடுக்கில் மெல்லத் தட்டுவதுபோல் தேயுங்கள். திருகாணியின் மரைக்குள்ளும் ஒரு தடவை. இன்னொரு கிண்ணத்தில் அலசுங்கள்.

வாஷ்பேசினில் குழாயைத் திறந்துவிட்டு அலச வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் தகும். நனைந்த தோடு கையில் நிற்காது. கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டும்போதும் டீ வடிகட்டி வழியாகக் கொட்டுங்கள். சின்னக் கல் ஒன்று கழன்றிருந்தால் வடிகட்டியில் கிடைத்துவிடும்.

துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துணியை மிஞ்ச எதுவும் இல்லை. டிஷ்யூ காகிதமும் டர்க்கி டவலும் கல்லைப் பிடித்திருக்கும் சின்ன நகங்களில் மாட்டி இழுக்கும். துடைத்ததும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். துணியின்மேல் கவிழ்த்து வைத்து மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

என் பாட்டி திரவமெல்லாம் கண்டதில்லை. பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கி, அந்த நுரையில் நகைகளைப் போடுவாள். ஆசாரிகள் பட்டறையிலும் மெருகு போட்டபின் இந்தத் தண்ணீரில் கழுவுவது பழைய வழக்கம். பூந்திக்கொட்டையில் இருக்கும் சபோனின் என்ற பொருள் சோப்பு மாதிரி நுரைக்கும், ஆனால் சோப்பைவிட மென்மை. எனக்கு இன்னும் இதன்மேல்தான் பிரியம். கடையில் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தாலிச் சங்கிலியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் இருந்தால் உருக்களின் இடுக்கில் மஞ்சள் இறுகிப்போயிருக்கும். அதைச் சோப்புத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகலாம். பக்கத்து வீட்டில் புதிதாக வந்த மதுரைப் பெண் இதைப் பார்த்துப் பதறிப்போய், "அக்கா, தங்கம் கரையுதா? செம்பு கலந்து ஏமாத்திட்டாங்களா?" என்று கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டே ஓடி வந்துவிட்டாள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவக்கிறதே, அதே விஷயம்தான். காரத்தன்மை பட்டால் மஞ்சள் சிவக்கும். அவள் கலங்கி நின்ற முகம் இன்னும் நினைவிருக்கிறது. தெரியாமல் போனால் ஒரு நல்ல நகையின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

தண்ணீரே காட்டக் கூடாதவை

இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லாக் கல்லும் வைரம் இல்லை.

1812-இல் பிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களை எது எதைக் கீறும் என்று பார்த்து ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. மரகதம் ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில். பவளமும் முத்தும் ஏறக்குறைய 3 முதல் 4. தங்கமும் வெள்ளியும் 3-க்கும் கீழே. நம் வீட்டுத் தூசியில் இருக்கும் மணல் துகள் எவ்வளவு தெரியுமா? 7. உலர்ந்த துணியால் முத்து மாலையை அழுத்தித் துடைத்தால், துணியில் ஒட்டியிருக்கும் தூசியே அதைக் கீறிவிடும்.

ஆனால் கடினம் மட்டும் கணக்கில்லை. மரகதம் தங்கத்தைவிட எவ்வளவோ கடினமானது. இருந்தாலும் அதற்குள் இயற்கையாகவே மயிரிழை விரிசல்கள் இருக்கும். அவை தெரியாமலிருக்க எண்ணெய் ஊட்டுவது நகைத் தொழிலில் நெடுநாள் வழக்கம். சுடுதண்ணீரிலும் சோப்பு நுரையிலும் ஊறப்போட்டால் அந்த எண்ணெய் வெளியேறி, விரிசல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். மாணிக்கத்திலும் கண்ணாடி நிரப்பிய மலிவு வகை உண்டு. எலுமிச்சைச் சாறுகூட அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். முத்தும் பவளமும் அடிப்படையில் சுண்ணாம்புச் சத்து. புளி, எலுமிச்சை, வினிகர், ஏன், நாள்பட்ட வியர்வைகூட அவற்றின் மினுமினுப்பைத் தின்றுவிடும். அவற்றுக்கு ஈரம் லேசாகப் பட்ட பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பது மட்டுமே. சென்ட், ஹேர் ஸ்பிரே எல்லாம் போட்டு முடித்தபின் கடைசியாக முத்தைப் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைக் கழற்றுங்கள். மாலை நனைந்தால் நூல் இழுபடும், நனைந்த மாலையைத் தொங்க விடாமல் தட்டையாக வைத்துக் காயவிடுங்கள்.

நவரத்தின மோதிரத்தை எப்படிக் கழுவுவது என்று கேட்பார்கள். அதில் வைரமும் இருக்கிறது, மரகதமும் முத்தும் பவளமும் இருக்கின்றன. ஒன்பது பேர் சேர்ந்து நடக்கும்போது மெதுவாக நடக்கிறவருக்காகத்தான் எல்லோரும் நடையைக் குறைக்க வேண்டும். முத்துக்கு எது ஆகுமோ அதுதான் அந்த மோதிரத்துக்கு. வைரம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

நான் ரொம்பக் கவலைப்படுவது கெம்பு பதித்த நகைகளைப் பற்றி. நெற்றிச்சுட்டி, ராக்கொடி, அட்டிகை, வங்கி என்று நாட்டியத்துக்கும் கல்யாணத்துக்கும் எடுப்போமே, அவை. இவற்றில் கல்லின் முதுகு மூடியிருக்கும். உள்ளே அரக்கு நிரப்பி, கல்லுக்கு அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு வைத்து, அதன்மேல் கல்லை அழுத்தியிருப்பார்கள். கல்லின் சிவப்பு அப்படி எரிவதற்கு அந்தத் தகடுதான் காரணம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் தகடு கறுக்கும், கல் இருண்டு போகும். சூடு பட்டால் அரக்கு இளகும். ஒருமுறை தண்ணீர் புகுந்தால் கல்லைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும், அந்தக் கை வேலை தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே இவற்றை நனைக்கவே கூடாது. போட்டுக் கழற்றியதும் வியர்வையை உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றி, காற்றாட விட்டு, பஞ்சில் வைத்துவிடுங்கள்.

அல்ட்ராசோனிக் என்று சின்ன இயந்திரம் ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. தண்ணீரை அதிரவைத்து இடுக்கில் இருக்கும் அழுக்கை உதிர்க்கும். வெறும் தங்கத்துக்குச் சரி. மரகதம், முத்து, பவளம், ஓபல், கெம்பு எதையும் அதில் போட்டுவிடாதீர்கள். வைர நகையாக இருந்தாலும், தளர்ந்திருக்கும் கல்லை அந்த அதிர்வு ஒரேயடியாகக் கழற்றிவிடும். என் வீட்டில் அது கிடையாது.

வெள்ளியின் கறுப்பு

கொலுசு கறுத்தால் உடம்புச் சூடு என்பார்கள். வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறுவதுதான் அந்தக் கறுப்பு. காற்றில், வியர்வையில், முட்டையில், வெங்காயத்தில், கம்பளித் துணியில், ரப்பரில் எல்லாம் கந்தகம் கொஞ்சமாவது இருக்கிறது. வெள்ளிச் சங்கிலிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தால் அது பட்ட இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு விழுந்திருக்கும், பார்த்திருப்பீர்கள்.

நம் வீடுகளில் இதற்கு விபூதி. பூஜைச் சாமான்களை விபூதி போட்டுத் தேய்த்தால் கண்ணைப் பறிக்கும். சாம்பலின் நுண்ணிய துகள்கள் கறுத்த மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிடுவதால் வருகிற பளபளப்பு அது. கறுப்போடு அதில் இருந்த வெள்ளியும் போகிறது. பாட்டியின் குங்குமச் சிமிழ் மூடியில் ஒரு மயில் இருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது தோகையில் கண் கண்ணாக எண்ணலாம். இப்போது விரலால் தடவினால் மயில் இருந்த இடம் ஒரு மேடாக மட்டும் தட்டுப்படுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் தேய்த்த கை. கனமான பஞ்சபாத்திரத்துக்கு விபூதி சரி. மெல்லிய வேலைப்பாட்டுக்கு வேண்டாம்.

அதற்கு வேறு வழி உண்டு. ஒரு பீங்கான் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, ஒரு பெரிய கரண்டி சமையல் சோடாவைத் தூவி, கொதித்த வெந்நீரை ஊற்றுங்கள். வெள்ளியிடம் இருக்கும் கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ளும். கறுப்பாக மாறியிருந்தது மறுபடி வெள்ளியாகவே திரும்பும், சுரண்டல் இல்லை. சில நிமிஷம் போதும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலசி ஈரம் போகத் துடைக்க வேண்டும். கல்லோ முத்தோ பதித்திருந்தால் இந்த முறை கூடாது. பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றி அழகு செய்த நகைகளுக்கும் கூடாது, அந்தக் கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

வைப்பதில் வெள்ளிக்கும் முத்துக்கும் நேர் எதிர். வெள்ளியைக் காற்றுப் புகாத ஜிப் பையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடோ ஒரு சாக்பீஸ் துண்டோடோ வையுங்கள். முத்தைப் பிளாஸ்டிக்கில் அடைத்தால் அதிலுள்ள கொஞ்சநஞ்ச ஈரமும் வறண்டுபோகும், மெல்லிய துணிப் பைதான் அதற்கு.

போனது திரும்பாது

பற்பசையும் பல்பொடியும் நகைக்கு வேண்டாம். பல்லின் எனாமலைத் தேய்க்க உண்டான துகள்கள் அவற்றில் இருக்கின்றன. எனாமலோடு ஒப்பிட்டால் 22 காரட் தங்கம் வெண்ணெய். தேய்த்ததும் பளிச்சென்று இருக்கும், ஆயிரம் மயிரிழைக் கீறல்கள் விழுந்திருப்பது சில மாதம் கழித்து மங்கலாகத் தெரியவரும். அப்போது இன்னும் கொஞ்சம் பற்பசை போடத் தோன்றும்.

கழுத்தில் சங்கிலி படும் இடத்தில் கறுப்புக் கோடு விழுகிறது, தங்கம் மட்டமோ என்று கேட்பவர்கள் பவுடரையும் கிரீமையும் யோசித்துப் பாருங்கள். சில கிரீம்களிலும் பவுடர்களிலும் உள்ள துத்தநாக ஆக்சைடு போன்ற துகள்கள் நகையை உரசி உதிர்க்கும் நுண்பொடி தோலில் கறுப்பாகத் தெரியும். தங்கமே பொடியாகும்போது கறுப்பாகத்தான் தோன்றும்.

குடியிருப்பில் நீச்சல் குளம் இருந்தால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். குளோரின் கலப்பு உலோகங்களைத் தாக்கும். 18 காரட்டும் அதற்குக் கீழும், அதிலும் வெள்ளைத் தங்கமும், கல்லைப் பிடிக்கும் நகங்களில் விரிசல் விட வாய்ப்பு அதிகம். பிளீச்சிங் பவுடரால் தரை கழுவும்போதும் இதே எச்சரிக்கை. பாதரசம் இன்னும் மோசம். உடைந்த வெப்பமானியின் ஒரு துளி வளையலில் பட்டாலும் தங்கம் வெள்ளையாகிவிடும். அதை அடுப்பில் காட்டிப் போக்க முயலாதீர்கள், அந்தப் புகை விஷம். ஒரு பையில் மூடி ஆசாரியிடம் விவரத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

வாசலுக்கு வந்து மெருகு போட்டுத் தருகிறேன் என்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவர்கள் கொண்டுவரும் திரவம் ராஜ திராவகமாக இருக்கலாம், ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்தில் மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தது. தங்கத்தைக் கரைக்கும் வெகுசில பொருட்களில் ஒன்று. வளையல் புதிது மாதிரி மின்னிக்கொண்டு உங்கள் கைக்கு வரும், கரைந்த தங்கம் அவர்கள் பாத்திரத்தோடு போகும்.

கடையில் மெருகு போட்டாலும் ஒரு துளி தங்கம் குறையத்தான் செய்யும், மெருகு என்பதே மேல்தோலை எடுப்பதுதான். அதனால் அடிக்கடி போட வேண்டாம். போடும்போது முன்னும் பின்னும் உங்கள் கண்ணெதிரே நிறை பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஆசாரி கேட்காமலே பார்ப்பார்.

கழுவும் நாளில் இரண்டு சோதனை செய்துவிடலாம். தோட்டையோ மோதிரத்தையோ காதுக்குப் பக்கத்தில் வைத்து விரலால் லேசாகச் சுண்டுங்கள். கிணுகிணுவென்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது, அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள். சங்கிலியில் கொக்கிக்குப் பக்கத்துக் கண்ணிகளை வெளிச்சத்தில் பாருங்கள். அவைதான் முதலில் தேயும். ஒரு கண்ணி மற்றொன்றோடு வருடக்கணக்கில் உரசுவது யாருக்கும் கேட்காது, அறுந்து விழுந்த பிறகுதான் தெரியும்.

அன்று நகரத்பேட்டையில் ஆசாரி என் தோட்டை பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் முதுகைத் தட்டி, வேறு தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி வெளிச்சத்தில் நீட்டினார். ஏழு கல்லும் எரிந்தன. பிறகு, "கழுத்துல இருக்கறதையும் குடும்மா" என்றார். மூன்று பவுன் தாலிச் சங்கிலி. அம்மாவின் நோட்டில் கல்யாணத்தின்போது 24.100 என்று எழுதியிருந்த நிறை, அவர் தராசில் 23.620 காட்டியது. கொக்கியை ஒட்டிய இரண்டு கண்ணிகள் நூலாகிவிட்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் புதிதாகக் கோத்துப் பற்றவைத்தார். புது நிறையைத் தேதியோடு அதே நோட்டில், அம்மா எழுதியதற்குக் கீழே எழுதிக்கொண்டேன்.